வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே திரை



தோட்டத்து வீடுகளில் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தாலே பெருமை. பின்னர் தொலைக்காட்சி வந்தது. இப்பொழுது கணினியும் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடம் படித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று படித்த பிள்ளைகளில் பலர் இன்று வளர்ந்து, வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள், இணையம் வழி பொருள் விற்கிறார்கள். அதே பிள்ளைகள் மாலையானால் அதே கணினியில் விளையாடவும் செய்கிறார்கள்.

ஆகவே பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு எழுகிறது. "அப்பா, வேலைக்கும் ஆகும், விளையாடவும் ஆகும். பெரிய மானிட்டரா ஒண்ணு வாங்கிக்கலாம்பா" என்று மகன் கேட்கிறான். "ஏன்டா, வீட்டுல டிவி இருக்கே, அது போதாதா?" என்று தகப்பனார் திருப்பிக் கேட்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வது எந்த அளவுக்குச் சரி என்பதைத் தெளிவுபடுத்துவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. விடியுமுன் எழுந்து பால் வெட்டியும், வெயிலில் செம்பனைக் குலை தள்ளியும் ஈட்டும் பணம் அது. பெரிய திரை ஒன்று அதில் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும். அப்படிப்பட்ட பொருளைக் கடைக்காரரின் பேச்சை மட்டும் கேட்டு வாங்கலாமா? கூடாது அல்லவா? நாமே நான்கு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. திரை கணக்குப் போடுவதில்லை. கணக்குப் போடுவது கணினிப் பெட்டி. அது போட்ட கணக்கின் முடிவைக் காட்டுவது மட்டுமே திரையின் வேலை. ஆகையால், கணினி மெதுவாக இயங்குகிறது என்பதற்காகப் புதிய திரை வாங்கினால் பணம் போகுமே தவிர வேகம் வராது. குறை கணினியில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்பதைப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மற்ற பேச்சு.

அடுத்து, அளவைப் பார்ப்போம். 24 அங்குலம், 27 அங்குலம், 32 அங்குலம் என்று கடையில் சொல்வார்கள். இது அகலமும் அன்று, உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த நீளம். வழக்கமான வடிவில் 24 அங்குலத் திரை ஏறக்குறைய 53 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 27 அங்குலத் திரை 60க்கு 34. 32 அங்குலத் திரை 71க்கு 40. இவற்றைத் தவிர, மிக அகலமான 34 அங்குலத் திரை ஒன்றும் உண்டு. அதன் அகலம் 80 சென்டிமீட்டர். ஆனால் உயரம் 27 அங்குலத் திரையின் உயரந்தான். எண் பெரிதாக இருப்பதால் எல்லாப் பக்கமும் பெரிது என்று நினைத்துவிடக் கூடாது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய செய்தித்தாளை நான் சொன்ன அளவுக்கு வெட்டி, மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளையை நாற்காலியில் அமரச் சொல்லுங்கள். கையை முன்னால் நீட்டினால் விரல் நுனி தாளைத் தொடும் தூரம் இருக்கவேண்டும். அதாவது, கண்ணுக்கும் திரைக்கும் இடையே 50 முதல் 70 சென்டிமீட்டர் வரை இருப்பது நல்லது. 32 அங்குலமானால் இன்னும் சற்றுத் தள்ளியிருப்பது உத்தமம். தலையை இடமும் வலமும் திருப்பாமல் தாளின் இரு ஓரங்களையும் பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லையென்றால் அந்த அளவு அந்த மேசைக்கு ஆகாது. குறுகலான மேசையில் பெரிய திரையை வைப்பது, தொலைக்காட்சியின் மூக்கோடு மூக்கு வைத்துப் பார்ப்பதற்குச் சமம்.

இனி, எழுத்தும் படமும் தெளிவாகத் தெரிவது எதனால் என்று பார்ப்போம். திரையில் நாம் காணும் படம் கோடுகளால் ஆனதன்று; நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி என்று இரண்டு எண்கள் சொல்வார்கள். 1920க்கு 1080 என்றால் மொத்தம் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்றால் சுமார் 37 லட்சம். 4கே என்று சொல்லப்படும் 3840க்கு 2160 என்றால் சுமார் 83 லட்சம்.

இதைத் தோட்டத்துக் கண்கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும். ஓர் ஏக்கரில் நடவேண்டிய கன்றுகளை மூன்று ஏக்கரில் பரப்பி நட்டால் என்ன ஆகும்? கன்றுக்கும் கன்றுக்கும் இடையே வெற்றிடம் தெரியும். திரையும் அப்படித்தான். புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் திரையை மட்டும் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 1920க்கு 1080 புள்ளிகள் 24 அங்குலத் திரையில் இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் கிடைக்கும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82. 32 அங்குலத்தில் பரப்பினால் வெறும் 69. மாறாக, 27 அங்குலத்தில் 2560க்கு 1440 புள்ளிகள் இருந்தால் அங்குலத்துக்கு 109. 32 அங்குலத்தில் 4கே இருந்தால் 138.

விளையாடும்போது படம் ஓடிக்கொண்டே இருப்பதால் இந்தப் பிசிறு அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆனால் நாள் முழுவதும் கணக்கேடும் கடிதமும் பார்க்கிற கண்ணுக்கு அது பெரும் தொல்லை. ஆகவே, "மலிவு விலையில் 32 அங்குலம்" என்று எழுதி வைத்திருந்தால், உடனே மகிழ்ந்துவிடாமல், "புள்ளி எத்தனை?" என்று கேளுங்கள். 1920க்கு 1080 என்று பதில் வந்தால், வேலைக்கு அது ஏற்றதன்று.

அப்படியானால் எல்லாரும் 4கே வாங்கிவிடலாமே என்ற கேள்வி எழலாம். இங்கேதான் விளையாட்டு குறுக்கே வருகிறது. 4கே திரையில் உள்ள புள்ளிகள் 1920க்கு 1080 திரையில் உள்ளவற்றைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டிக் கொடுப்பது கணினிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. ஒரு டன் குலை ஏற்றும் வண்டியில் நான்கு டன் ஏற்றினால் வண்டி மேட்டில் நின்றுவிடும் அல்லவா? அதுபோல, சாதாரணமான கார்டு 4கே திரையின் சுமையைத் தாங்காமல் விளையாட்டைத் தட்டுத் தடுமாற வைக்கும். பிறகு திரைக்கேற்ற கார்டு, கார்டுக்கேற்ற மின்பெட்டி என்று செலவு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வேலையை மட்டும் கருதினால் 4கே நல்லது. விளையாட்டும் வேண்டும், கார்டும் நடுத்தரமானது என்றால், 2560க்கு 1440 என்பதே இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வழி.

மூன்றாவது விஷயம் வேகம். திரைப்படம் என்பது தனித்தனிப் படங்கள் வேகமாக மாறுவதால் உண்டாகும் தோற்றம் என்பதை நீங்கள் அறிவீர்கள். கணினித் திரையும் ஒரு வினாடிக்குப் பல முறை படத்தைப் புதுப்பிக்கிறது. அந்த எண்ணிக்கைதான் ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 முறை. 144 ஹெர்ட்ஸ் என்றால் 144 முறை. ஓடுகிற காரையும் பறக்கிற பந்தையும் காட்டும் விளையாட்டுகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஆனால் எண் கூடக் கூடப் பயனும் அதே அளவில் கூடும் என்று எண்ணவேண்டாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி வினாடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய 17 பங்கு. 144இல் அது 7 பங்கு. ஆக, 10 பங்கு மிச்சம். 240 ஹெர்ட்ஸுக்குப் போனால் இடைவெளி 4 பங்கு. அதாவது, கூடுதல் மிச்சம் 3 பங்குதான். போட்டிகளில் கலந்துகொள்ளும் ஆட்டக்காரருக்கு அந்த மூன்று தேவைப்படலாம். வேலை முடிந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவருக்கு 144 தாராளமாகப் போதும். எழுத்து வேலைக்கோ 60 ஹெர்ட்ஸே போதும். இருப்பினும் பக்கத்தை உருட்டிப் படிக்கும்போது வேகமான திரை கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. வேகமான திரையை வாங்கி மாட்டிய பிறகும் கணினி அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பது உண்டு. கணினியின் திரை அமைப்புப் பக்கத்துக்குச் சென்று எண்ணை மாற்றவேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்கில் 60இலேயே விளையாடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் "1 மில்லிசெகண்ட்" என்றும் போடுவார்கள். புள்ளி ஒன்று நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஏதாவது ஒரு தனி அமைப்பில் மட்டுமே கிடைக்கும் மிகச் சிறந்த அளவைத்தான் விளம்பரத்தில் போடுவது வழக்கம். அந்த ஓர் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி திரையில் உண்டா என்று கேளுங்கள். ஃப்ரீசிங்க், ஜிசிங்க் என்ற பெயர்களில் அது வரும். அது இருந்தால் ஓடும் படம் நடுவில் கிழிந்தாற்போல் தெரியாது.

நான்காவது விஷயம், திரையின் வகை. கடையில் பெரும்பாலும் மூன்று பெயர்களைக் கேட்பீர்கள். ஐ.பி.எஸ். என்ற வகையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. எழுத்து வேலைக்கும் படம் வரைவதற்கும் ஏற்றது. ஆனால் இருட்டறையில் கறுப்பு நிறம் சற்றுச் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். வி.ஏ. என்ற வகையில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் இருண்ட காட்சிகளில் வேகமாக அசையும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடலாம். ஓலெட் என்ற வகைதான் படத்துக்கும் வேகத்துக்கும் மிகச் சிறந்தது. ஆனால் விலை அதிகம். மேலும், அசையாத ஒரே படத்தை நாள் முழுவதும் காட்டினால் அதன் சுவடு நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடிய குறையும் உண்டு. கணக்கேட்டின் கட்டங்களும் திரையின் அடியில் உள்ள பட்டையும் எட்டு மணி நேரம் அசையாமல் நிற்பவை அல்லவா? ஆகவே வேலை அதிகம், விளையாட்டு கொஞ்சம் என்ற வீட்டுக்கு ஐ.பி.எஸ். வகையே பொருத்தம்.

இனி, தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். வீட்டில் உள்ள தொலைக்காட்சி போதாதா? அவசரத்துக்குப் போதும். ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. தொலைக்காட்சி, வரும் படத்தை அழகுபடுத்திக் காட்டச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. பிள்ளை விசையை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையே அந்தத் தாமதம் தெரியும். 'கேம் மோட்' என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுக் குறைக்கலாம். மற்றொன்று, பல தொலைக்காட்சிகளில் கணினியின் சிறு எழுத்துகள் வண்ணம் கசிந்தாற்போல் மங்கித் தெரியும். செலவில்லாத வழி இதுதான் என்பதால், முதலில் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். போதுமென்றால் பணம் மிச்சம். போதவில்லையென்றால் எது போதவில்லை என்பது தெளிவாகிவிடும்.

வாங்குவது என்று முடிவு செய்தால், திரையின் முதுகுப்புறத்தையும் பார்க்கவேண்டும். கணினியில் உள்ள இணைப்புத் துளையும் திரையில் உள்ள துளையும் பொருந்தவேண்டும். எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போர்ட் என்று இரண்டு வகை பரவலாக உண்டு. ஒரே பெயரிலும் பழையது புதியது உண்டு. எடுத்துக்காட்டாக, எச்.டி.எம்.ஐ. 2.0 வழியாக 4கே படத்தை வினாடிக்கு 60 முறைதான் முழுத் தரத்தில் அனுப்ப முடியும். 120 முறை வேண்டுமானால் 2.1 தேவை. பிள்ளையிடம் கணினியின் துளைகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கொண்டுவரச் சொன்னால் கடையில் குழப்பம் இராது.

திரையின் கால் மேலும் கீழும் ஏறி இறங்குமா என்றும் பாருங்கள். திரையின் மேல் விளிம்பு கண்ணின் மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கவேண்டும். கால் ஏறி இறங்காவிட்டால் கீழே கனமான பலகை வைத்துச் சரிசெய்யலாம். அதிக உயரமாக இருந்தால்தான் கழுத்து வலிக்கு வழியில்லாமல் தப்ப முடியாது.

மின்சாரச் செலவைப் பற்றித் தாய்மார்கள் கவலைப்படுவார்கள். 40 வாட் எடுக்கும் திரை நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால், மாதம் 6 யூனிட் ஆகும். இது பெரிய தொகையன்று. உண்மையில் அஞ்சவேண்டியது இடி மின்னலுக்கு. நம் நாடு மின்னல் அதிகம் விழும் நாடுகளில் ஒன்று. வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்குமுன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். விசையை அணைத்தால் மட்டும் போதாது. இணையக் கம்பியையும் கழற்றவேண்டும்.

கடையில் பணம் கொடுக்குமுன் திரையை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்களைத் திரை முழுவதும் போட்டுப் பார்த்தால், இறந்துபோன புள்ளிகள் இருந்தால் உடனே தெரிந்துவிடும். எத்தனை புள்ளி பழுதானால் மாற்றித் தருவார்கள், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

குறையுள்ள பொருளைக் கொடுத்துவிட்டு வியாபாரி கைவிரித்தால், நாமும் தலைவிதி என்று இருந்துவிட வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போகவேண்டும். வியாபாரி அல்லாத தனி ஆளிடம் பழைய திரையை வாங்கினால் இந்த வழி கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

தவணையில் வாங்கலாமா என்று கேட்பீர்கள். "மாதம் இவ்வளவுதான்" என்ற சொல் இனிக்கும். மாதத் தொகையைத் தவணை எண்ணிக்கையால் பெருக்கி, மற்றக் கட்டணங்களையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவணை தவறினால் என்ன அபராதம் என்றும் கேளுங்கள். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்று சம்பளம் குறையும் மாதத்திலும் அந்தத் தவணை வந்து வாசலில் நிற்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இதுவரை சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். வேலை, விளையாட்டு இரண்டும் வேண்டும், மேசை நடுத்தரமானது, கார்டும் நடுத்தரமானது என்றால்: 27 அங்குலம், 2560க்கு 1440 புள்ளிகள், ஐ.பி.எஸ். வகை, 144 ஹெர்ட்ஸ் அல்லது சற்று மேல், ஏறி இறங்கும் கால். மேசை ஆழமானது, தள்ளி உட்கார இடம் உண்டு என்றால், அதே புள்ளிகளோடு 32 அங்குலம் வாங்கலாம். எழுத்து பெரிதாகத் தெரிவதால் கண் தளர்ந்தவர்களுக்கும் உதவும். வேலையே முக்கியம், கார்டும் வலுவானது என்றால் 32 அங்குல 4கே. கையில் பணம் குறைவு என்றால் 24 அங்குலம், 1920க்கு 1080. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்னத் திரையில் செய்த நல்ல வேலைக்கும் அதே கூலிதான் கிடைக்கும்.

கடைசியாக, திரை வந்த பிறகு வீட்டில் ஓர் ஒப்பந்தம் தேவை. வேலையும் விளையாட்டும் ஒரே திரையில் நடப்பதால், வேலை எங்கே முடிந்தது, விளையாட்டு எங்கே தொடங்கியது என்று பெற்றோருக்கும் தெரியாது, பல வேளை பிள்ளைக்கும் தெரியாது. திட்டுவதைவிட நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது. சன்னல் திரைக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைப் போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள். சன்னலுக்கு வெளியே பச்சை மரங்களுக்கு நம் தோட்டத்தில் பஞ்சமா என்ன?

தகப்பனாரும் மகனும் ஒரே மேசையில் அமர்ந்து, தாளில் அளவையும் புள்ளியையும் வேகத்தையும் விலையையும் எழுதிப் பேசி முடிவு செய்யட்டும். ஒருவர் வியர்வையில் வந்த பணம். மற்றவர் கையில் வளரப்போகும் தொழில். இரண்டையும் மதித்து வாங்கும் பொருள் வீட்டுக்கு நன்மையே செய்யும்.